குடமுருட்டிக் கரையிலிருந்து யோர்தானை வாசித்தல்: ஞானஸ்நானம், சோதனை, சீஷன் – மூன்று சொற்களின் தஞ்சை வரலாறு

பாவத்தை ஆறு கழுவும் என்பதைப் பாபநாசத்தில் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரின் பெயரே அதுதான். கரன், தூஷணன் முதலானோரைக் கொன்ற பழி நீங்க இராமன் இங்கே நூற்றெட்டு இலிங்கங்களை நிறுவி வழிபட்டான் என்பது குடமுருட்டிக் கரையிலுள்ள இராமலிங்கசுவாமி கோயிலின் தலபுராணம். கிழக்கே கும்பகோணத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மகாமகக் குளத்தில் இலட்சக்கணக்கானோர் முழுகுகிறார்கள். மக்கள் கரைத்துவிட்டுப் போன பாவங்களைச் சுமந்து களைத்த நதிகளே அன்று தம்மைத் தூய்மை செய்துகொள்ள அந்தக் குளத்துக்கு வருகின்றன என்று தலபுராணம் சொல்லும். ஆடிப்பெருக்கு, ஐப்பசித் துலா நீராடல், திதி, கருமாதி என்று டெல்டாவின் வாழ்வில் தண்ணீரில் இறங்காத சடங்கு குறைவு.

இந்த நாட்டில் ஒருவர் நற்செய்தி நூலைத் திறந்து, நாசரேத்தூர் இயேசு யோர்தான் ஆற்றில் இறங்கிய அதிகாரத்தைத் தமிழில் சொல்ல முற்பட்டபோது அவருக்கு நேர்ந்த இடர், ஐரோப்பியப் பாதிரியார் நினைத்திருக்கக்கூடியதற்கு நேர்மாறானது. ஆற்றில் முழுகுவது என்றால் என்ன என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. இந்த முழுக்கு எப்படி வேறு என்றுதான் விளக்க வேண்டியிருந்தது. அந்த வேறுபாட்டைத் தமிழ்க் கிறிஸ்தவம் நானூறு ஆண்டுகளாக எந்தச் சொல்லால் சொல்லிவந்தது, அந்தச் சொல்லைக் காக்க யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை இக்கட்டுரை தஞ்சை நாட்டைக் களமாகக் கொண்டு பின்தொடர்கிறது. தண்ணீர் இங்கே ஒருபோதும் சிக்கலாக இருந்ததில்லை. தண்ணீரிலிருந்து கரையேறிய பிறகு என்ன என்பதுதான் எப்போதும் சிக்கல் என்பது என் முடிவு.

மூலநூலில் ஒரு வரிசை

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் மிக விரைவானது. இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெறுகிறார். உடனே ஆவி அவரை வனாந்தரத்துக்குத் துரத்துகிறது; நாற்பது நாள் அங்கே சோதிக்கப்படுகிறார். பிறகு கலிலேயாக் கடலோரம் வந்து, வலைவீசிக்கொண்டிருந்த மீனவர்களைத் தம் பின்னே வரச்சொல்கிறார். நீர், பாலை, அழைப்பு என்ற இந்த வரிசையை மத்தேயுவும் பின்பற்றுகிறார். லூக்கா ஞானஸ்நானத்துக்கும் சோதனைக்கும் நடுவே ஆதாம்வரை செல்லும் வம்ச வரலாற்றை வைக்கிறார். மூன்று சோதனைகளில் பின்னிரண்டின் இடத்தை மாற்றுகிறார். மீனவர் அழைப்பைச் சற்றுத் தள்ளிப்போடுகிறார். யோவான் நற்செய்தியில் சோதனைக் கதையே இல்லை.

வரிசை தற்செயலானதன்று. வனாந்தரத்தில் இயேசு சொல்லும் மூன்று மறுமொழிகளும் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்தபின் நாற்பதாண்டு பாலையில் சோதிக்கப்பட்ட கதையின் நினைவு அந்த அதிகாரங்களில் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பத்தாம் அதிகாரத்தில் பவுல் அந்தக் கடல் கடத்தலையே ஒரு ஞானஸ்நானமாகப் படிக்கிறார். அதைத் தொடர்ந்து பாலையில் விழுந்துபோனவர்களை எச்சரிக்கையாகக் காட்டுகிறார். நீரைக் கடந்தவன் கரை சேர்ந்துவிட்டான் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அவனுக்குப் பாலை இனிமேல்தான் தொடங்குகிறது.

தொடக்கத் திருச்சபையின் ஒழுங்கு நூலான திதகே, ஞானஸ்நானத்துக்கு ஓடும் நீரையே முதலில் விரும்புகிறது; அது கிடைக்காவிட்டால் வேறு நீர், அதுவும் போதாதபோது தலைமேல் மும்முறை ஊற்றுதல். காவிரியின் கிளைகள் பின்னிய நாட்டில் இந்த விருப்பம் எளிதில் விளங்கும். ஆனால் தஞ்சைக்கு வந்த கிறிஸ்தவம் ஓடும் நீரோடு வரவில்லை. கிண்ணத்து நீரோடும், குழந்தையின் நெற்றியில் விழும் சில துளிகளோடும் வந்தது. அதற்கு ஸ்நானம் என்று பெயரிட்டால் ஆற்றில் முழுகி எழும் ஊரார் என்ன நினைத்திருப்பார்கள்?

ஞானம் என்ற முன்சொல்

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் அச்சானது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். அரசியல் பாதுகாப்பும் அதில் ஒரு காரணம். போதனை பின்னால்தான் மெல்ல வந்து சேர்ந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி கண்ட குறை அதுவே. அக்காலத்தில் ஞானஸ்நானம் பெற வருபவரிடம் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருள்படும் கேள்வி கேட்கப்பட்டது. பரங்கி என்றால் போர்ச்சுக்கீசியன், மாட்டிறைச்சி உண்பவன், கள் குடிப்பவன் என்று மதுரை மக்கள் பொருள் கொண்டிருந்தார்கள். அப்படியானால் ஞானஸ்நானம் ஒருவரின் சாதியை மாற்றுகிற சடங்காகிவிடுகிறது. அதைத்தான் நொபிலி மறுத்தார்.

நொபிலி வழிவந்த இயேசு சபையாரின் நூல்களில் ஞான என்ற முன்சொல் பெரும் வேலை செய்கிறது. ஞானஸ்நானம், ஞானோபதேசம், ஞானத்தகப்பன், ஞானத்தாய். உடலைச் சார்ந்ததை உள்ளத்துக்கு உரியதாக மாற்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஆற்று ஸ்நானம் உடலைத் தொடுகிறது, இது அறிவைத் தொடுகிறது. பெற்ற தகப்பன் ஒருவர், ஞானத்தில் பெற்ற தகப்பன் ஒருவர். ஊரார் சொல்லிலிருந்து கிறிஸ்தவச் சொல்லைப் பிரித்துக்காட்டும் வேலி இது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பது ஒரே மண் என்பதையும் அது மறைக்கவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்க், கத்தோலிக்கரோடு பல கொள்கைகளில் மாறுபட்டும், இந்தச் சொல்லை மாற்றவில்லை. சொற்களஞ்சியத்தில் இயேசு சபையாரிடம் அவர் பட்ட கடன் பெரிது. 1714இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், அடுத்த ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடியில் அச்சேறின. சோழநாட்டு மக்கள் யோர்தான் கதையை அச்சில் முதன்முதலாகப் படித்தது அந்தப் பதிப்பில்தான்.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு நுட்பம் சொல்லவேண்டும். பிற்காலத் தமிழ் வேதாகமத்தில் யோவானுக்கு வாய்த்த பெயர் யோவான்ஸ்நானகன். அங்கே ஞானம் இல்லை, ஸ்நானம் மட்டும்தான். யோவானின் முழுக்கு மனந்திரும்புதலுக்கானது, இயேசுவின் பெயரால் பெறுவது அதற்கு மேலானது என்று அப்போஸ்தலர் நடபடிகளின் பத்தொன்பதாம் அதிகாரம் பிரிக்கிறதே, அந்தப் பிரிவின் நிழல் பட்டப்பெயரில் படிந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் வினைச்சொல் வரும்போது யோவான் கொடுப்பதும் ஞானஸ்நானமே. மொழிபெயர்ப்பாளர்கள் இதில் ஒரு சீராக இல்லை. அந்தச் சீரின்மை எனக்குப் பிடிக்கிறது.

எச்சில்

சொல்லைத் தமிழாக்கிய அளவுக்குச் சடங்கைத் தமிழாக்க முடியவில்லை. அக்காலத்து உரோமைச் சடங்குமுறைப்படி ஞானஸ்நானம் கொடுக்கும் குரு, பெறுபவர்மேல் ஊதவேண்டும். நாவில் உப்பு வைக்கவேண்டும். தம் உமிழ்நீரைத் தொட்டு அவர் காதிலும் மூக்கிலும் பூசவேண்டும். இயேசு ஒரு செவிடனின் காதைத் திறந்த நிகழ்ச்சியின் நினைவு அது. மதுரை, மைசூர், கர்நாடகத் தளங்களின் இயேசு சபையார் இதில் சிலவற்றை விட்டுவிட்டனர். காரணத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. ஒருவர் எச்சில் இன்னொருவர்மேல் பட்டால் அது தூய்மையா, தீட்டா?

1703இல் பாண்டிச்சேரிக்கு வந்த பாப்பிறைத் தூதர் துர்நோன், 1704இல் வெளியிட்ட ஆணையில் உமிழ்நீர் முதலியவற்றை விடக்கூடாது என்றார். இன்னும் பல உள்ளூர் வழக்கங்களையும் தடுத்தார். மேல்முறையீடுகளும் விளக்கங்களும் நாற்பது ஆண்டு நடந்து, 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணையில் முடிந்தன. அதன்பின் இங்கே வரும் மறைப்பணியாளர் ஒவ்வொருவரும் அந்த ஆணையைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. சத்தியம் 1940இல்தான் நீங்கியது. உமிழ்நீர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் சடங்கிலிருந்தே மறைந்தது.

எச்சிலை விட்டது வெறும் அருவருப்பு காரணமாக மட்டும் அன்று. எச்சில் தீட்டு என்பது சாதியின் மொழி. உயர்ந்தவர் என்று தம்மைக் கருதுவோர் அருவருக்கக்கூடாது என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியாரிடையே பணிசெய்ய 17ஆம் நூற்றாண்டிலேயே பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவு ஏற்பட்டிருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்று, கொடுக்கும் கைகள் இரண்டு. நொபிலியின் மேதையை மதிக்கும் எனக்கும் இந்த இடத்தில் மனம் ஒப்பவில்லை.

இதே மதுரைத் தளத்தின் அருளானந்தர் – ஜான் தெ பிரிட்டோ – கும்பகோணத்தை அடுத்த தத்துவாஞ்சேரியிலும் பணியாற்றியவர். 1693 ஜனவரியில் மறவர் நாட்டின் தடியத்தேவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தபோது, அவர் ஒரே மனைவியோடு வாழவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினர். அடுத்த மாதம் 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. தண்ணீருக்கும் வாழ்க்கை மாற்றத்துக்கும் இடையே இருந்த கயிறு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு அந்த நூற்றாண்டில் இதைவிடச் சான்று வேண்டாம்.

நல்லூர்த் துலாக்கோல்

மூன்று சொற்களில் இன்றுவரை இடம் பெயராதது சோதனை. அதற்குக் காரணம் இருக்கிறது.

கிரேக்க மூலத்தில் உள்ள பெய்ராஸ்மொஸ் என்ற சொல்லுக்கு இரண்டு முகம்: ஒருவரின் தரத்தை அறியப் பரீட்சிப்பது, தவறச் செய்யும் நோக்கோடு ஆசை காட்டுவது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இவை இரண்டு சொல்லாகப் பிரிந்துவிட்டன. தமிழில் சோதனை இரண்டையும் ஒரே பிடியில் பிடிக்கிறது. இது மொழிபெயர்ப்பாளரின் திறமை மட்டுமன்று; அந்தச் சொல்லுக்குள் டெல்டா ஏற்கெனவே ஒரு பெரிய கதைச் செல்வத்தைச் சேமித்து வைத்திருந்தது.

பாபநாசத்துக்கு அருகிலேயே நல்லூர் இருக்கிறது. பழையாறையில் பிறந்து, துணி வணிகம் செய்து, நல்லூரில் மடம் அமைத்து அடியாருக்குச் சோறும் கோவணமும் வழங்கியவர் அமர்நீதியார். பிரமசாரி வேடத்தில் வந்த சிவன் ஒரு கோவணத்தை அவரிடம் ஒப்படைத்து, அதை மறையச்செய்து, ஈடு கேட்கிறான். துலாக்கோலின் ஒரு தட்டில் அவனிடம் எஞ்சிய மற்றொரு கோவணம். மறு தட்டில் துணி, பொன், வெள்ளி எல்லாம் வைத்தும் சமன் ஆகவில்லை. கடைசியில் மனைவி மகனோடு அவரே தட்டில் ஏறுகிறார். சேக்கிழார் சொல்லும் இந்தக் கதையையும், திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர் கதையையும் கேட்டு வளர்ந்தவருக்குச் சோதனை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இறைவன் அடியாரைச் சோதிப்பது. அது தண்டனையன்று, அடியாரின் அன்பு எவ்வளவு என்பது ஊரறிய வெளிப்படும் தருணம்.

இந்தக் காதோடு மத்தேயு நான்காம் அதிகாரத்தைக் கேட்டால் என்ன ஆகும்? அங்கே சோதிக்கிறவன் பிசாசு. சோதனைக்காரன் என்றே தமிழில் பெயர். ஆனால் வனாந்தரத்துக்கு அவரைக் கொண்டுபோனது ஆவியானவர். மேற்கத்திய வாசகர் பலரை இடறவைத்த இந்த முரண், நல்லூர்க் கதை கேட்ட வாசகருக்கு அத்தனை முரணாகத் தெரிவதில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அமர்நீதியார் கேட்டதையெல்லாம் கொடுத்து வென்றார். இயேசு நீட்டப்பட்டதையெல்லாம் மறுத்து வென்றார். கல்லை அப்பமாக்கும் வல்லமை, கோபுர உச்சியிலிருந்து குதித்து ஊரை வியக்கவைக்கும் புகழ், உலக இராச்சியங்கள் – மூன்றுமே கொடைபோல் நீட்டப்படுகின்றன. கொடுப்பதைவிட வாங்க மறுப்பது கடினம் என்ற பாடத்தைத் தஞ்சைக் கிறிஸ்தவர் பின்னர் தம் வாழ்வில் படிக்கவேண்டி வந்தது.

நல்லூரிலேயே இன்னொன்றும் நிகழ்ந்தது. திருநாவுக்கரசர் தலைமேல் இறைவன் தன் திருவடியை வைத்தருளினான் என்பது அத்தலத்தின் பெருமை. அடியார் வேண்டினார், இறைவன் அருளினான். குருவைத் தேடிச் சீடன் செல்வதும் தீட்சை கேட்பதும் இந்நாட்டு மரபு. கலிலேயாக் கடலோரத்தில் தலைகீழாக நடக்கிறது: குரு தேடிவருகிறார், வலையை வைத்திருக்கும் கைகள் எதையும் கேட்டிருக்கவில்லை. கிரேக்கத்தில் மதேதேஸ் என்றால் கற்பவர், மாணாக்கர். தமிழ்க் கிறிஸ்தவர் எடுத்துக்கொண்ட சீஷன் என்ற சொல், சிஷ்யனின் மருவு. கேட்காமலேயே அழைக்கப்பட்ட மாணாக்கரைக் கேட்டுப் பெறும் உறவின் சொல்லால் அழைத்தார்கள்.

இராஜநாயக்கன்

அழைப்பு எப்படி வேண்டுமானாலும் வரலாம். இராஜநாயக்கனுக்கு அச்சுப் புத்தகமாக வந்தது.

தஞ்சை மன்னரின் படையில் சிறு பதவியில் இருந்தவர், பறையர் சமூகத்தவர், பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்திகளும் நடபடிகளும் அடங்கிய நூல் 1720களில் அவர் கைக்கு வந்தது. வாசித்தார், வாசித்ததிலேயே மாறினார். தரங்கம்பாடிச் சபையோடு தொடர்பு கொண்டு, உபதேசியாராகி, 1771இல் இறக்கும்வரை தஞ்சை நாட்டில் அந்தப் பணியைச் செய்தார். அவருக்கு ஞானஸ்நானம் ஏற்கெனவே ஆகியிருந்தது. லுத்தரன் சபை அதை ஏற்றுக்கொள்ளும். ஆகவே அவர் வாழ்வில் நடந்தது தண்ணீரால் நடந்ததன்று. பெற்ற ஞானஸ்நானத்தின் பொருளை ஒரு சிப்பாய் புத்தகத்தில் தேடிக் கண்டுகொண்டது அது. தமிழ் வேத ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுபவர்கள் மொழிபெயர்ப்பாளரிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இந்த வாசகரிலிருந்து தொடங்க விரும்புவேன்.

கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் இதே ஆண்டுகளில் லுத்தரரை எதிர்த்து வேத விளக்கம் முதலிய நூல்களை எழுதினார். தம் பக்கத்து உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கம் எழுதினார். இரு தரப்புக்கும் புரிந்த உண்மை ஒன்றுதான். சபையைக் காப்பதும் கெடுப்பதும் ஐரோப்பியக் குருக்களின் கையில் இல்லை, ஊர் ஊராய் நடக்கும் உபதேசியார் கையில் இருக்கிறது.

1733இல் ஆரோன் என்ற வேளாளர் தமிழரில் முதல் சீர்திருத்த சபைக் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தேடியபோது இராஜநாயக்கன் பெயர் எழுந்தது. தகுதியில் குறை எதுவும் இல்லை. ஆனால் அவர் கையால் திருவிருந்து வாங்கப் பிற சாதியார் தயங்குவர் என்று கருதி அவரை விட்டுவிட்டனர். 1741இல் தியாகு குருவானார். பாலைவனத்தில் பிசாசு நீட்டிய மூன்றாம் சோதனை நினைவுக்கு வருகிறது. ஒரு முறை பணிந்தால் போதும், எல்லாரும் உன் வசம். தரங்கம்பாடிக் குருமார் பணிந்தார்கள் என்றுதான் நான் சொல்வேன். இராஜநாயக்கன் உபதேசியாராகவே முப்பது ஆண்டு மேலும் உழைத்தார். சீஷன் என்ற சொல்லுக்குத் தஞ்சையில் முழுப்பொருள் தந்தவர் அவர்.

ஷ்வார்ட்ஸ்: நீரைத் தள்ளிப்போட்டவர்

1750இல் வந்து, 1778 முதல் தஞ்சையிலேயே தங்கிய கிறிஸ்தியான் பிரெடெரிக் ஷ்வார்ட்ஸைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். சிவகங்கைத் தோட்டத்துக்கு அருகே 1779இல் எழுந்த ஆலயமும், அதில் இரண்டாம் சரபோஜி மன்னர் வைத்த பளிங்குச் சிற்பமும் இன்றும் உள்ளன. இங்கே எனக்கு வேண்டியது இரண்டு நிகழ்ச்சிகள்.

தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்து, அவரிடமிருந்தே கிறிஸ்தவ நம்பிக்கையை அறிந்து, ஷ்வார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டார். திருமணமின்றி வாழும் நிலையில் தரமுடியாது என்று ஷ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். அந்தப் பெண்மணி நம்பிக்கையை விடவில்லை. அதிகாரி இறந்தபின், 1778இல் ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்குப் போனபோது மீண்டும் கேட்டார். கிளாரிந்தா என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். சீஷத்துவம் முதலில், தண்ணீர் பின்னர். நற்செய்தியின் வரிசை ஒரு பெண்ணின் வாழ்வில் இப்படித் திரும்பி நடந்தது. காத்திருக்கச் சொன்னது சரியா என்ற கேள்வி எனக்கு உண்டு. காத்திருந்த ஆண்டுகளில் அவர் யாருடைய சீஷராக இருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1780இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள், முதற்பெயர் கிளாரிந்தா. 1785இல் அவர் கட்டுவித்த ஆலயத்தை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றனர். 1915இல் அ. மாதவையா அவர் வாழ்வை நாவலாக்கினார். தஞ்சைப் பாபநாசத்தின் பக்கத்திலிருந்து புறப்பட்டுத் தாமிரபரணிப் பாபநாசத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தது அந்த வாழ்வு.

இரண்டாவது, அரிசி. 1781இல் ஹைதர் அலியின் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியது. பாசனம் குலைந்தது, கோட்டைக்குள் பட்டினி. விலை கொடுப்பார்கள் என்று அரசையோ கம்பெனியையோ நம்பாத குடியானவர்கள், ஷ்வார்ட்ஸ் பொறுப்பேற்றபின் நெல் கொண்டுவந்தனர். அவரும் அரிசி சேர்த்துவைத்துப் பசித்தவர்க்குக் கொடுத்தார். பின்னாளில் வரிக்கொடுமை தாளாமல் ஊரைவிட்டு ஓடிய ஆயிரக்கணக்கான குடிகள் அவர் வாக்கை நம்பித் திரும்பிவந்து நிலத்தில் இறங்கினர். திருப்பாலைத்துறைக் கோயிலின் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியத்தைப் பார்த்தவருக்கு இந்நாட்டில் சேர்த்துவைத்த நெல் என்றால் எத்தகைய அதிகாரம் என்பது தெரியும். கையில் அரிசி வைத்திருக்கும் குருவிடம் பசித்தவன் ஞானஸ்நானம் கேட்கிறான். அவன் கேட்பது எதை? கல்லை அப்பமாக்கு என்ற சோதனை இங்கே போதகர்களுக்கு நேர்ந்தது. அரிசிக் கிறிஸ்தவர் என்ற ஏச்சு ஏழையின்மேல்தான் வீசப்படுகிறது. வீசுபவர்கள் பசி அறியாதவர்கள். பஞ்சத்தில் வந்தவர்களுக்கும் ஷ்வார்ட்ஸ் முதலில் சோறும் பிறகு நெடுநாள் போதனையும் கொடுத்தார். சோற்றுக்கு நிபந்தனையில்லை, ஞானஸ்நானத்துக்குத்தான் நிபந்தனை என்ற அந்தப் பிரிப்பு எளிதாகச் செய்துவிடக்கூடியதன்று.

சாஸ்திரியாரின் கூக்குரல்

ஷ்வார்ட்ஸ் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவந்து வளர்த்த சிறுவன் வேதநாயகம், பெத்லகேம் குறவஞ்சியும் ஞானத்தச்ச நாடகமும் பாடிய சாஸ்திரியாராக வளர்ந்தார். நூற்பெயரிலேயே அந்தப் பழைய முன்சொல் மீண்டும் வருவதைக் கவனிக்கலாம். குருவின்மேல் அவருக்கிருந்த பற்று வாழ்நாள் முழுவதும் குறையவில்லை.

1820களில் புதிய தலைமுறைப் போதகர்கள் வந்தனர். பப்பிரிசியுஸ் 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கி, தஞ்சைச் சபையார் மனப்பாடமாக வைத்திருந்த மொழிபெயர்ப்பை ரேனியுஸ் திருத்தத் தொடங்கினார். சாதிப் பிரிவின்றி ஒரே வரிசையில் திருவிருந்து என்றனர். கலியாணத்துக்கும் சாவுக்கும் பூ கூடாது, ஆலயத்தில் கீர்த்தனை கூடாது என்றனர். இந்த நான்கையும் கொடுமைகளாக எண்ணி சாஸ்திரியாரும் தஞ்சைச் சபையின் வேளாளர்களும் எதிர்த்து எழுதினர். 1829இல் அவர் மிஷன் வேலையை இழந்தார். சரபோஜி மன்னர் ஆதரித்தார்.

நான்கு புகாரையும் ஒரே தராசில் வைக்க என்னால் இயலவில்லை. கீர்த்தனைக்காகவும் பூவுக்காகவும் அவர் போராடியது நியாயம். நெஞ்சில் பதிந்த வேத வசனத்தை அயலார் மாற்றும்போது எழும் வலி உண்மையானது. சாதிக்காக அவர் போராடியது தவறு. ஒரே மனிதர், ஒரே மூச்சில், தமிழையும் தீண்டாமையையும் சேர்த்துக் காத்தார். அக்காலக் கிறிஸ்தவப் புலமையின் துயரம் இதுவே. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியை விடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் ஏராளமானோர் சபையைவிட்டு விலகினர்; பலர் பின்னர் வந்த லைப்சிக் மிஷனின் பக்கம் போய்ச் சேர்ந்தனர். எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தாம். ஒரே கிண்ணத்திலிருந்து வாங்குவதுதான் அவர்களுக்கு வனாந்தரமாக அமைந்தது. இராஜநாயக்கனுக்கு மறுத்த இடம் நூறாண்டு கழித்தும் காலியாகவே கிடந்தது.

முழுக்கு

பின்வந்த பதிப்புகளை விரைவாகக் கடக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பெர்சிவல் முடித்த 1850ஆம் ஆண்டுப் பதிப்பு மக்களிடம் நிலைக்கவில்லை. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முழுமையடைந்த ஐக்கியப் பதிப்பே இன்றும் சீர்திருத்த சபைகளின் வேதாகமம். பிற்பாடு லார்சனும் மொனகனும் செய்த திருத்தப் பதிப்பு அதை அசைக்க முடியவில்லை. இறைவனுக்குரிய சொல் சருவேசுரன், பராபரன், தேவன் என்று மாறிவந்தபோதும் ஞானஸ்நானமும் சோதனையும் சீஷனும் அசையவில்லை.

அசைத்தது 1995இல் வந்த திருவிவிலியம் என்ற பொதுமொழிபெயர்ப்பு. சீஷர் சீடரானார். பிசாசு அலகையானது, வள்ளுவர் கையாண்ட சொல். சோதனை சோதனையாகவே நின்றது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது. தனித்தமிழ் நோக்கில் செய்த மாற்றம் என்று இதைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் முழுக்கு எங்கிருந்து வந்த சொல்? இறைவனை நீராட்டுவது திருமுழுக்கு. கோயிலில் கலச நீர் ஊற்றுவது குடமுழுக்கு. ஆற்றுக் குளியலிலிருந்து பிரித்துக்காட்ட நொபிலி காலத்தார் எழுப்பிய வேலியைத் திருவிவிலியம் எடுத்துவிட்டது. அதை எடுக்கும் துணிவு வந்ததற்குக் காரணம், கிறிஸ்தவர் யார், இந்து யார் என்று குழம்பும் காலம் போய்விட்டிருந்தது. இழப்பும் உண்டு. ஞானம் என்ற சொல், இதைப் பெற்றவர் இனிமேல் கற்கவேண்டியவர் என்பதை நினைவூட்டியது. முழுக்கு அதைச் சொல்லவில்லை. பெந்தெகொஸ்தே சபைகளோ இரண்டையும் ஒட்டி முழுக்கு ஞானஸ்நானம் என்கின்றன. விவரம் தெரிந்த வயதில், விசுவாச அறிக்கை செய்து, உடல் முழுதும் நீரில் அமிழ்ந்து எழுபவர்களின் வழக்கில் அந்த இரட்டைச்சொல் மிகையாக ஒலிக்கவில்லை.

பதிவேடு

1950இல் குடியரசுத் தலைவர் வெளியிட்ட பட்டியல் சாதியினர் ஆணை, இந்து சமயத்தவரல்லாத ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. டெல்டாவில் பண்ணையாளாக இருந்து கூலித் தொழிலாளியான ஒடுக்கப்பட்ட குடும்பத்துக்கு இது கல்வி, வேலை, தனித்தொகுதி, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு ஆகியவற்றோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஊர் அவர்களை நடத்தும் விதம் மாறவில்லை. சான்றிதழ் மட்டும் மாறியது. நொபிலிக்கு முன் கேட்ட அதே கேள்வி, எந்தக் குலத்தில் சேருகிறாய் என்பது, இப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்கப்படுகிறது. பெயரளவில் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றுமாக வாழும் குடும்பங்களை இதற்காகக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த வழக்கு ஒன்றில், பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட பெண்மணியின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவர் கிறிஸ்தவர் என்பதற்கு நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று, அவர் கைக்குழந்தையாக இருந்தபோது ஓர் ஆலயத்தில் பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவு. 1780இல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தாவின் பெயரை முதலாவதாக எழுதிய பதிவேடு எந்த வகையோ, அதே வகைப் பதிவேட்டில் எழுதிய ஒரு வரி.